உட்கார வைப்பதுதான் உபசாரமா?



இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே இல்லாத ஒரு மனிதர் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறி நின்றார் என்றால் நம்புவீர்களா? கட்டுக்கதை இல்லை. 2023-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி நடந்த விஷயம். அவர் பெயர் ஹரி புதா மகர். நேபாளத்துக்காரர். பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்காப் படையில் இருந்தவர்.

"எவரெஸ்டுக்கும் நம்ம அடுப்படிக்கும் என்ன சம்பந்தம்? இந்த அம்மா இந்தத் தடவை வழி தவறி எங்கேயோ போய்விட்டாளே!" என்று புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. வீட்டில் யாராவது அடிபட்டோ, நோயில் விழுந்தோ திரும்பி வந்தால், அவரைக் கவனிக்கிற பொறுப்பு முக்கால்வாசி நம் தலையில்தானே விழுகிறது? அப்போது எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த மலை ஏறிகளிடம் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில் ஹரியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நேபாளத்தில் ரோல்பா என்கிற மலை ஜில்லாவில் மிருல் என்ற கிராமம். 1979-ல் பிறந்தவர். செருப்பில்லாமல் நடந்தே பள்ளிக்கூடம் போய் வந்த பிள்ளை. 19 வயதில் கூர்க்காப் படையில் சேர்ந்தார். 2010 ஏப்ரல் 17-ந் தேதி ஆப்கானிஸ்தானத்தில் ரோந்து போகும்போது, மண்ணில் புதைத்து வைத்திருந்த வெடிகுண்டை மிதித்துவிட்டார். ஒரு நிமிஷத்தில் இரண்டு காலும் போய்விட்டன. அப்போது வயது முப்பத்தொன்றுதான். மனைவியும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

ஊனமாகப் பிறந்தாலும் சரி, நடுவில் ஊனமானாலும் சரி, "போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்கிற பழக்கம் அவர் வளர்ந்த ஊரிலும் உண்டாம். நம் ஊரில் மட்டும் இல்லையா என்ன! அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவருக்குத் தன் உடம்பைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும்? குடியில் விழுந்தார். உயிரையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். இதையெல்லாம் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அவரைத் தூக்கி நிறுத்தியது மருந்து மட்டும் இல்லை. பாராசூட் கட்டிக்கொண்டு ஆகாயத்திலிருந்து குதித்தார். பிறகு பனிச்சறுக்கு, துடுப்புப் படகு என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். "இதுவும் முடிகிறதே, அதுவும் முடிகிறதே" என்று நம்பிக்கை ஊறிற்று. 2017-ல் நேபாளத்தில் மேரா என்கிற 6,476 மீட்டர் சிகரத்தைத் தொட்டார். அப்புறம் ஐரோப்பாவில் மோன் பிளாங்க், ஆப்பிரிக்காவில் கிளிமாஞ்சாரோ. எவரெஸ்டுக்குப் புறப்பட்ட நாளும் ஏப்ரல் 17-தான். காலை இழந்து சரியாகப் பதின்மூன்று வருஷம் கழித்து, அதே தேதி!

மலையில் அவர் நடந்தது நெடுநெடுவென்ற செயற்கைக் கால்களில் இல்லை. குட்டையான கால்கள். உயரம் குறைந்தால் தடுமாற்றம் குறையும். அதன் அடியில் பனியைக் கடித்துப் பிடிக்கிற இரும்புப் பற்கள். முழங்கால் மடங்காது என்பதால், நாம் ஒரே எட்டில் ஏறுகிற படியை இடுப்பாலும் தோளாலும் உடம்பையே தூக்கிப் போட்டு ஏற வேண்டும். மற்றவர்களைவிடப் பல மடங்கு நேரம் ஆகும், சக்தியும் போகும். கூடப் போனவர்கள் மலை தெரிந்த கூர்க்கா நண்பர்களும் ஷெர்பாக்களும். தனியாக வீம்புக்குப் போகவில்லை. வருஷக்கணக்கில் பயிற்சி செய்து, துணையோடுதான் போனார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நடுவில் ஒரு விஷயம் நடந்தது. 2017 டிசம்பரில் நேபாள சர்க்கார் ஒரு விதி போட்டது: இரண்டு காலும் இல்லாதவர்களுக்கும், பார்வை இல்லாதவர்களுக்கும் எவரெஸ்ட் ஏற அனுமதி கிடையாது. விபத்துகள் குறைய வேண்டும் என்று சொல்லித்தான் செய்தார்கள். ஆனால் ஹரி போன்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். "உன்னால் முடியுமா என்று உன்னையே கேட்க மாட்டோம், நாங்களே தீர்மானித்துவிட்டோம்" என்பது போல. வழக்குப் போட்டார்கள். 2018 மார்ச்சில் நேபாளத்தின் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. சர்க்கார் போட்ட அந்த விதியை நாம் வீட்டுக்கு வீடு தினமும் போடுகிறோமே! "நீங்க எழுந்திருக்காதீங்க, நான் பார்த்துக்கறேன்." "மாடிப்படி ஏறாதீங்க." "கடைக்கு நீங்க எதுக்கு, பையன் போவான்." எல்லாம் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் கேட்கிறவருக்கு எப்படி விழுகிறது?

வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவள் கணவருக்குக் கண்ணிவெடியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பென்ஷன் வருகிறது, செயற்கைக் காலும் இருக்கிறது. "ஒரு குறையும் வைக்கலை அக்கா. குடிக்கிற தண்ணிகூட நான்தான் கையில கொண்டு போய்க் கொடுக்கறேன். ஒரு துரும்பை அசைக்க விடறதில்லை. அப்படியும் எந்நேரமும் கோபம். திண்ணையில உட்கார்ந்தா உட்கார்ந்த இடம்தான். சாயந்திரம் ஆனா குடி. நான் இன்னும் என்ன செய்யணும்?" என்று கேட்டிருந்தாள்.

படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நம் அம்மா, பாட்டி காலத்திலிருந்து உபசாரம் என்றால் அதுதானே? ஆனால் அவள் கேள்விக்குப் பதிலும் அவள் கடிதத்திலேயே இருக்கிறது. "ஒரு துரும்பை அசைக்க விடறதில்லை" என்கிறாளே, அங்கேதான்.

பட்டாளத்துக்காரரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் விசில் ஊதினால் எழுந்து ஓட வேண்டும். சட்டை மடிப்பு, பூட்ஸ் பளபளப்பு, துப்பாக்கி சுத்தம், எல்லாவற்றுக்கும் கணக்கு. கூட இருக்கிறவன் உயிருக்கு இவன் பொறுப்பு, இவன் உயிருக்கு அவன் பொறுப்பு. அப்படி இருந்தவருக்கு ஒரே நாளில் காலும் போய், படையும் போய், பொறுப்பும் போய்விடுகிறது. கால் போனது நம் கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற இரண்டும் போனது தெரிவதில்லை. காலுக்குப் பதில் கால் செய்து கொடுத்துவிடுகிறார்கள். பொறுப்புக்குப் பதில் என்ன கொடுக்கிறோம்? டம்ளரில் தண்ணீர்!

மலையும் கடலும் இவர்களுக்கு ஏன் ஒத்துக்கொள்கிறது என்றால் இதனால்தான். அங்கே போனால் மறுபடி விடியற்காலை எழுந்திருக்க வேண்டும். சாமான் கட்ட வேண்டும். கூட வருகிறவன் கயிற்றை இவர் பிடிக்க வேண்டும். இன்றைக்கு எவ்வளவு தூரம், எங்கே நிற்பது என்று இவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ராத்திரி உடம்பு அசந்து தூக்கம் வரும். "ஐயோ பாவம்" என்று யாரும் பார்ப்பதில்லை. எத்தனை நல்ல மருந்து, பாருங்கள்!

இதை முதலில் வைத்தியமாகவே செய்து காட்டியவர் ஒரு டாக்டர். லுட்விக் குட்மன் என்று பெயர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போன சிப்பாய்களுக்காக, 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவு ஆரம்பித்தார்கள். அதற்கு அவர்தான் தலைவர். அதுவரை அப்படிப்பட்டவர்கள் படுக்கைப் புண் வந்து, சிறுநீர்த் தொற்று வந்து, சீக்கிரமே இறந்துவிடுவார்கள். குட்மன் இரண்டு காரியம் செய்தார். ராத்திரி பகல் பார்க்காமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். உடம்பு தேறியதும் கையில் வில்லையும் பந்தையும் கொடுத்து வெளியே தள்ளினார். 1948 ஜூலை 29-ந் தேதி, லண்டனில் ஒலிம்பிக் ஆரம்பித்த அதே நாளில், தன் ஆஸ்பத்திரிப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் இருந்த பதினாறு பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதில் இரண்டு பேர் பெண்கள். இன்றைக்கு உலகமே பார்க்கிற பாராலிம்பிக் போட்டிக்கு விதை அதுதான்.

அந்த இரண்டு காரியத்தையும் கவனித்தீர்களா? திருப்பிப் படுக்க வைக்கவும் வேண்டும், வெளியே தள்ளவும் வேண்டும். நாம் முதல் காரியத்தில் கெட்டிக்காரிகள். இரண்டாவதுதான் நமக்கு வருவதில்லை.

அதே ஸ்டோக் மாண்டவிலில் சிகிச்சை பெற்றவர் நம் நாட்டு மேஜர் அலுவாலியா. 1965 மே 29-ந் தேதி எவரெஸ்டில் ஏறிய வீரர். அதே வருஷம் நடந்த போரில் குண்டு பாய்ந்து, அப்புறம் வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலிதான். சில மாசம் முன்னால் உலகத்தின் உச்சியில் நின்றவருக்கு இப்படி! ஆனால் மலையை அவர் விடவில்லை. ஏற முடியாவிட்டால் என்ன, பயணங்களுக்குத் திட்டம் போட்டார், தலைமை தாங்கினார், புத்தகங்கள் எழுதினார். 1994-ல் பழைய பட்டுப் பாதை வழியாக மத்திய ஆசியாவுக்கு ஒரு குழுவையே நடத்திக்கொண்டு போனார். தனக்குக் கிடைத்த சிகிச்சை நம் ஜனங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று டெல்லியில் முதுகுத்தண்டு காயங்களுக்காகவே ஒரு பெரிய ஆஸ்பத்திரி அமையப் பாடுபட்டார். 2022 ஜனவரியில் காலமானார்.

மேஜர் டி.பி. சிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்கில் போர் சமயம், 1999 ஜூலை 15-ந் தேதி, பக்கத்தில் பீரங்கிக் குண்டு விழுந்தது. முதலில் பார்த்த டாக்டர் இறந்துவிட்டார் என்றே சொல்லிவிட்டாராம். பிழைத்தார், ஒரு கால் போயிற்று. பத்து வருஷம் கழித்து ஓட ஆரம்பித்தார். செயற்கைக் காலோடு 21 கிலோமீட்டர் ஓட்டங்கள்! 2019-ல் நாசிக்கில் ஆகாய விமானத்திலிருந்து தனியாகப் பாராசூட்டில் குதித்தார். அதைவிட எனக்குப் பிடித்தது, தன்னைப் போல் கை கால் இழந்தவர்களைச் சேர்த்து ஓட வைக்க ஒரு குழு ஆரம்பித்தாரே, அதுதான்.

மேஜர் விவேக் ஜேக்கப் என்பவரும் அப்படித்தான். பாராசூட் குதிப்பில் அடிபட்டுப் படையை விட வேண்டி வந்தது. தான் கற்ற வித்தை வீணாகக் கூடாது என்று, மற்ற முன்னாள் கமாண்டோக்களோடு சேர்ந்து, மாற்றுத் திறனாளிகளுக்கு மலையேறவும் கடலுக்கடியில் நீந்தவும் கற்றுக் கொடுக்கிறார். 2021 செப்டம்பரில் அவர்கள் பயிற்சி கொடுத்த எட்டுப் பேர், கை கால் இல்லாதவர்களும் பார்வை இல்லாதவர்களும், சியாச்சின் பனிப்பாறையில் 15,632 அடி உயரத்தில் உள்ள குமார் முகாம் வரை நடந்தே போனார்கள்.

பாருங்கள், இவர்கள் எல்லோருமே கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். முதலில் தான் எழுந்து நின்றார்கள். அப்புறம் இன்னொருவரை எழுப்பினார்கள். மறுபடி ஒரு பொறுப்பு கிடைத்துவிட்டது.

இதில் ஒரு ஜாக்கிரதை. இந்தக் கதைகளைக் கொண்டு போய் வீட்டில் இருப்பவர் தலையில் அடிக்காதீர்கள். "ரெண்டு கால் இல்லாதவர் எவரெஸ்டே ஏறிட்டார், உங்களுக்கு வாசலைத் தாண்ட முடியலையா?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருக்கிற உறவும் போய்விடும். ஒவ்வொருவர் காயமும் வேறு, வலியும் வேறு. தெருமுனை வரை போய் வருவதே சிலருக்கு எவரெஸ்ட்தான். அவர் தெருமுனையை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கேட்டுவிட்டு உதவி செய்யுங்கள். "பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டு, "வேண்டாம்" என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். சட்டை போட அரை மணி ஆனாலும் ஆகட்டும். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, உட்கார ஒரு வழுக்காத முக்காலி, தரையில் சோப்புத் தண்ணீர் தேங்காமல் இருப்பது, இவை இருந்தால் அவர் தானே குளித்துவிடுவார்.

இரண்டாவது, வீட்டில் ஒரு பொறுப்பை முழுசாக ஒப்படையுங்கள். ரேஷன் கடையோ, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதோ, தோட்டமோ எதுவானாலும் சரி. கொடுத்த பிறகு பின்னாலேயே போய்ச் சரி பார்க்காதீர்கள்.

மூன்றாவது, உடம்பு. செயற்கைக் கால் போடுகிறவரின் குறைந்த காலைத் தினமும் ராத்திரி மிருதுவான சோப்புப் போட்டுக் கழுவி, ஒற்றி எடுத்து, நன்றாக உலர விட வேண்டும். பின்பக்கம் தெரிய ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். காலைக் கழற்றிய பிறகும் மறையாத சிவப்போ, கொப்புளமோ, புண்ணோ இருந்தால், ஆறும்வரை செயற்கைக் காலைப் போடாமல், கால் செய்து கொடுத்த இடத்தில் காட்டுங்கள். உள்ளே போடுகிற உறையைத் தினமும் துவைத்துக் காய வையுங்கள். படுக்கும்போது வலிக்கு இதமாக இருக்கிறது என்று அந்தக் காலுக்கு அடியில் தலையணை வைத்துப் பழக்காதீர்கள். மூட்டு மடங்கியே இறுகிவிடும், அப்புறம் நடப்பது கஷ்டம்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கி இறக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருந்தால் குட்மன் சொன்ன அந்த இரண்டு மணிக் கணக்கு. உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலிக்காது. கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்காவது, வெளியே போகத் துணை. அந்தத் துணை எப்போதும் நாமாகவே இருக்க வேண்டியதில்லை. பழைய பட்டாளத்து நண்பர்கள் பக்கத்து ஊரில் இருந்தால் வரச் சொல்லுங்கள். அவர்களிடம் அவர் பேசுவது நம்மிடம் வராது. அதற்காக வருத்தப்படாதீர்கள். ஏரிக்கரை, மீன் பிடிப்பு, சைக்கிள், நீச்சல் என்று எதில் மனசு போகிறதோ அதில் ஆரம்பிக்கட்டும். டாக்டரைக் கேட்டு, பழக்கியவர்களிடம் கற்று, கொஞ்சம் கொஞ்சமாக. ஹரி எத்தனை வருஷம் பழகினார் என்று பார்த்தோமே!

ஐந்தாவது, மனசு. ராத்திரி திடுக்கிட்டு எழுந்திருப்பது, தீபாவளி வெடிச் சத்தத்துக்கு உடம்பு பதறுவது, இதெல்லாம் கோழைத்தனம் இல்லை. போர் பார்த்தவர்களுக்கு வருவதுதான். பட்டாசு வெடிக்கப் போவதை முன்கூட்டியே சொல்லுங்கள். குடி அதிகமானாலோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற பேச்சு வந்தாலோ, "சும்மா சொல்றார்" என்று விட்டுவிடாதீர்கள். டெலி மானஸ் என்கிற அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி 14416. எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அவர் பேசாவிட்டால் நீங்கள் பேசி யோசனை கேளுங்கள்.

மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. முன்னாள் வீரர்களுக்கான பாலிகிளினிக்குகளும் இருக்கின்றன. ராணுவத்தின் செயற்கைக் கால் மையம் புனேயில் 1944-லிருந்து நடக்கிறது. செயற்கைக் கால் லொடலொடவென்று ஆகிவிட்டால் மூலையில் போட்டுவிடாமல் விசாரியுங்கள். நாளாக ஆக மிச்சக் கால் மெலியும், அளவு மாறும். கால் பொருந்தாமல் எத்தனை பேர் வீட்டோடு முடங்கிப் போகிறார்கள் தெரியுமா?

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. செயற்கைக் காலோடு ஒருவர் நடந்து போனால் குழந்தை உற்றுப் பார்க்கத்தான் செய்யும். "பார்க்காதே!" என்று கையை இழுக்காதீர்கள். அந்தக் குழந்தை அப்போது கற்றுக்கொள்வது பயத்தை. "மாமாவுக்கு அடிபட்டுடுச்சு, இது புதுக் கால், இதை வச்சுத்தான் நடக்கிறார். வணக்கம் சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே நின்று பேசுவார்கள்.

வேலூர்ச் சகோதரிக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். முதலில் அந்தத் தண்ணீர் டம்ளரை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பானையைத் திண்ணை ஓரமாக வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு டம்ளர் மொண்டு கொடுங்களேன்" என்று அவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், நீங்கள் செய்து பலித்ததை எழுதுங்கள். நாலு பேருக்கு உபயோகமாக இருக்கும். அடுத்த இதழில் சந்திப்போம்.